விருப்பக் குறியும் திருத்தக் குறியும்

நூல் இயற்றிய புலவர் அதனை அவை நடுவே அரங்கேற்றிய பின்னரே அது நூல் என ஏற்கப்பட்டது என்பர். கம்பர் திருவரங்கத்தில் தம் காவியத்தை அரங்கேற்றப் பட்ட பாடுகளைப் பற்றி வழங்கும் கதைகளை வகுப்பறையில் சொல்லாத தமிழாசிரியர் அரியர். பிழைபடப் பாடியோரைத் தலையில் குட்டியவர் பிள்ளைப் பாண்டியன், காதை அறுத்தவர் வில்லிபுத்தூரார், தலையையே கொய்தவர் ஒட்டக்கூத்தர் என்னும் கதைகளும் வழங்குகின்றன. இவை வரலாறு அல்ல. வரலாறாக இருந்திருந்தால் தமிழ்க் கவிஞர்களின் கால்வழி அன்றே அற்றுப் போயிருக்கும்! எனினும் கதை கட்டியோர் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர். பாடியவன் கேட்பவனின் முகத்தை எதிர்கொண்டாக வேண்டும். கேட்பவனும் தன் தீர்ப்பைப் பாடியவன் முகத்தெதிரே சொல்லியாக வேண்டும். அவை என்பது அதுதான். திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்ததும் அதன் அருமை கருதியே எனலாம்.

இன்று அரங்கேற்றம் உள்ளங்கையில் நடைபெறுகிறது. காலையில் எழுதிய கவிதை நண்பகலுக்குள் முகநூலில் ஏறிவிடுகிறது. மாலைக்குள் புலனக் குழுக்களில் சுற்றி வருகிறது. இரவுக்குள் மறக்கப்பட்டும் விடுகிறது. இம்முறையால் நம் இலக்கியத்துக்கும், அதனினும் முதன்மையாக நம் மாணவரின் எழுத்துக்கும் விளைந்திருக்கும் நன்மை என்ன, தீமை என்ன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திறன்பேசியைக் கண்டாலே முகம் சுளிக்கும் முதியவன் ஒருவனின் புலம்பலாக இதனை அன்பர்கள் கருதிவிடலாகாது. எனக்கும் முகநூல் கணக்கு உண்டு. எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுவும் ஆசிரியர் குழுவும் புலனத்தில்தான் இயங்குகின்றன. நான் சொல்லப்போகும் குற்றங்களுள் பாதி நானே செய்தவை.

எங்கள் பள்ளி ஒரு தோட்டப் பள்ளி. பெயரளவில்தான் தோட்டம். இரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் பக்கத்துச் சிறு பட்டணத்துக் குடியிருப்புகளிலிருந்து வேனில் வந்து போகின்றனர். அவர்களுள் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘என் பாட்டி’ என்னும் தலைப்பில் ஒரு கவிதை எழுதி என்னிடம் கொணர்ந்தாள். உச்சி வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. பாட்டி பால்மரம் வெட்டுகிறாள். மரம் வெள்ளைக் கண்ணீர் வடிக்கிறது. பாட்டி சிவப்புக் கண்ணீர் வடிக்கிறாள் என்பது அதன் கருத்து. பன்னிரண்டு வயதுப் பெண்ணிடமிருந்து இத்தகைய உவமையா என்று வியந்து போனேன். வியப்பின் வேகத்தில் அதனைப் படம் பிடித்து, அவள் பெயரையும் பள்ளியின் பெயரையும் சேர்த்து முகநூலில் ஏற்றினேன். அவளையோ அவள் பெற்றோரையோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே முதற் குற்றம். பதின்மூன்று வயது நிரம்பாதோர் கணக்குத் தொடங்கலாகாது என்பது அந்நிறுவனம் வைத்துள்ள விதி. அவள் நுழையக் கூடாத அவையில் அவளுடைய பாட்டை நான் ஏற்றிவிட்டேன்.

இரண்டு நாள்களில் இருநூற்றுப் பதினான்கு விருப்பக் குறிகள் விழுந்தன. ‘அருமை’, ‘கண்கள் கலங்கின’, ‘வருங்காலக் கவிஞர்’ என்று அறுபதுக்கு மேற்பட்ட மறுமொழிகள். ஆசிரியர் பலரும் எழுத்தாளர் சிலரும் அவற்றுள் இருந்தனர். மாணவியை அழைத்து அவற்றைக் காட்டினேன். அவள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை இன்றும் மறக்க இயலவில்லை.

அவளை அழைத்துப் போக அன்று பாட்டியே வந்திருந்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். ‘பாட்டி, உங்களைப் பற்றிப் பேத்தி எழுதியிருக்கிறாள்’ என்று சொல்லிக் கவிதையைப் படிக்கச் செய்தேன். அம்மூதாட்டி முதல் இரண்டு வரிகளைக் கேட்ட அளவிலேயே சிரித்துவிட்டார்.

“உச்சி வெயில்ல எவடி பால் வெட்டுனா? அந்நேரம் மரம் பால் விடுமா?”

நான் நாணித் தலைகுனிந்தேன். நானும் தோட்டத்தில் பிறந்தவன். என் தாயாரும் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார்கள். வெயில் ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிவது மட்டுப்படும் என்பதால்தான் அந்த இருட்டு வேலை. நண்பகலை நெருங்கும் வேளையில் வெட்டு முடிந்து, மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். இதனை அறியாதவனா நான்? அறிந்திருந்தும் அக்கவிதையைப் படித்தபோது எனக்கு உறுத்தவில்லை. பாராட்டிய இருநூற்றுப் பதினான்கு பேரிலும் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுள் ஒருவருக்கும் உறுத்தவில்லை. எழுத்தறியாத ஒரு பாட்டிக்கு உறுத்தியது.

இங்கேதான் திறனாய்வு தொடங்க வேண்டும். அக்கவிதையின் குறை ஒரு செய்திப் பிழை மட்டுமன்று. உச்சி வெயிலை அம்மாணவி எங்கிருந்து பெற்றாள்? அவள் பால்மரத்தில் பால் இறங்கி ஒரு நாளும் கண்டதில்லை. தன் அம்மாவின் திறன்பேசியில் நாள்தோறும் வந்து விழும் கவிதைகளிலிருந்து அதனைப் பெற்றாள். அக்கவிதைகளில் உழைப்பாளி எவராயினும் உச்சி வெயிலில்தான் நிற்பார். தாய் என்றால் அடுப்படியில் அழுவாள். தந்தை என்றால் தேய்ந்த செருப்பு. மழை என்றால் தனிமை. நான் வியந்த வெள்ளைக் கண்ணீரும் சிவப்புக் கண்ணீரும் அக்கூடத்துச் சரக்கே என்பதைப் பின்னர்த் தேடிக் கண்டேன். பாட்டி வீட்டிலேயே இருக்கிறார். இரவில் பேத்தியின் பக்கத்திலேயே படுக்கிறார். அவரைப் பற்றி எழுத அமர்ந்த பெண் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவுமில்லை. நிழலுலகம் நிகழுலகை மறைக்கும் விதம் இதுதான். நேரத்தை விழுங்குகிறது, கண்ணைக் கெடுக்கிறது என்று நாம் பொதுவாகச் சொல்லும் குறைகளெல்லாம் மெய்யே. ஆயினும் இக்குறை அவற்றினும் ஆழமானது. பக்கத்தில் இருப்பவரைப் பற்றிய அறிவையும் தொலைவிலிருந்து வாங்கிக்கொள்ளப் பழக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையரை நினையாமல் இருக்க முடியவில்லை. 1880ஆம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வியால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த ஐயர், 1887இல்தான் அதனை அச்சிட்டு வெளியிட்டார். இடைப்பட்ட ஏழாண்டுகளும் ஏடுகளை ஒப்புநோக்குவதில் மட்டும் கழியவில்லை. நூலில் வரும் சமண சமயக் கருத்துகள் விளங்காதபோது, கும்பகோணத்தில் தாம் இருந்த இடத்துக்கு அணித்தே வாழ்ந்த சமணர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், அவ்வில்லங்களில் மாணவராய் அமர்ந்தார். ஏட்டில் இல்லாத விளக்கம் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தது. பதிப்பாசிரியருக்குச் சமண அன்பர்கள் எப்படியோ, எங்கள் ஆறாம் ஆண்டு மாணவிக்கு அவள் பாட்டி அப்படி.

இனி, விருப்பக் குறி என்பது என்ன என்று சற்று நிதானமாகப் பார்ப்போம். 2004இல் தோன்றிய முகநூல், 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்குறியைச் சேர்த்தது. 2016இல் அன்பு, சிரிப்பு, வியப்பு, வருத்தம், சினம் ஆகியவற்றுக்கும் குறிகள் வந்தன. தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாட்டில் பாதிக்கு மேல் அதில் அடங்கிவிட்டது என்று நகையாடலாம். ‘இவ்விடம் பொருந்தவில்லை, மீண்டும் எழுதுக’ என்னும் குறி மட்டும் அவற்றுள் இல்லை. இருக்கவும் இயலாது. ஏனெனில், அக்குறி தீர்ப்புக்காக அமைக்கப்பட்டதன்று. எந்தப் பதிவுக்கு மிகுதியான குறியும் மறுமொழியும் விழுகின்றனவோ அதனை மேலும் பலர் கண்முன் நிறுத்துவது, அங்ஙனம் நிறுத்தி அவர்களை மேலும் சிறிது நேரம் திரையில் இருத்துவது என்னும் கணக்குக்கு அது ஓர் எரிபொருள். விளம்பர வருவாயால் நடக்கும் வாணிகத்தில் இது இயல்பே. அதன்மேல் சினந்து பயனில்லை. அவ்வெரிபொருளை மதிப்பெண் என்று எடுத்துக்கொண்டு, மாணவியிடம் காட்டிய ஆசிரியன்மேல்தான் சினம் கொள்ள வேண்டும். 2021இல் அந்நிறுவனமே, விரும்புவோர் அவ்வெண்ணிக்கையை மறைத்துக்கொள்ள வழி செய்தது. நம் கவிஞர்களுள் எத்தனை பேர் மறைத்துக்கொண்டனர் என்று கேட்பது நயத்தக்க நாகரிகம் ஆகாது.

முகநூல் கவிதைகள் குறுகியவை, ஆகவே ஆழமற்றவை என்று சில மேடைகளில் சொல்லப்படுகிறது. இதனை நான் உடன்படேன். ஏழு சீரில் முடியும் குறளைக் கையில் வைத்திருக்கும் நாம், சுருக்கத்தைக் குற்றம் என்று கூறலாமா? குறட்பாவினும் நீண்டனவே பெரும்பாலான முகநூல் கவிதைகள். வேறுபாடு அளவில் இல்லை. படிக்கும் வேகத்தில் இருக்கிறது. ஏழு சீரின் முன்னே பரிமேலழகர், மணக்குடவர், காளிங்கர் முதலாகப் பழைய உரையாசிரியர் பதின்மர் அமர்ந்து, ஒருவர் கொண்ட பொருளை மற்றொருவர் மறுத்தும் விரித்தும் சென்றனர். திரைக் கவிதையோ கட்டைவிரல் தள்ளும் பொழுதுக்குள் தன் வேலையை முடித்தாக வேண்டும். ஆகவே, படிப்பவன் முன்பே அறிந்த உணர்ச்சியை முன்பே அறிந்த சொல்லால் தொட்டுவிட்டு விலகுகிறது. புதிய காட்சி ஒன்றை நிறுத்தினால் விரல் தயங்கும். தயங்கினால் அடுத்த பதிவுக்குப் போய்விடும். தேய்ந்த சொல்லே அங்குச் செல்லும் நாணயம். உரைநடை வாக்கியம் ஒன்றை நான்காக ஒடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, பின்னணியில் சூரியன் மறையும் படத்தை வைத்துவிட்டால் கவிதை என்று கொள்ளும் வழக்கம் இதன் வழியே பெருகிற்று. நம் நாட்டில் நல்ல கவிதை எழுதுவோர் சிலரும் இவ்வழக்கத்துக்கு இசைந்து, தாம் முன்பு பத்து நாள் வைத்துத் திருத்திய பாட்டைப் பத்து மணித்துளியில் வெளியிட்டுவிடுவதைக் காணுந்தோறும் வருந்துகிறேன்.

முற்காலத்தில் எல்லாம் செவ்வனே நடந்தன என்று சொல்ல வருகிறேனா? இல்லை. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் இதழ், சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரைக் கொண்டு ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தியது. கதை எழுதுவது எங்ஙனம் என்று நாளிதழின் வாயிலாகவே பாடம் நடத்தப்பட்டது. அதில் பயின்றோர் பின்னர் இந்நாட்டுச் சிறுகதை வளர்ச்சிக்கு உரமாயினர் என்பதை வரலாறு எழுதியோர் ஏற்கின்றனர். சுப. நாராயணன் ‘கந்தசாமி வாத்தியார்’ என்னும் புனைபெயரில் நடத்திய ‘ரசனை வகுப்பு’ம் அவ்வாறே. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றத்தின் வழி இளையோரை எழுத வைத்தது. இவை நம் பெருமைகள். ஆனால், என் தலைமுறை எழுதத் தொடங்கிய காலத்தில் அவ்வகுப்புகள் பழங்கதை. இருபது வயதில் நான் ஞாயிறு மலர் ஒன்றுக்கு மூன்று சிறுகதைகள் அனுப்பினேன். வெளியிடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, ஏன் என்று ஒரு வரியும் இல்லை. நான்காவது கதையை நான் எழுதவேயில்லை. அன்று முகநூல் இருந்திருந்தால் ஒருவேளை எழுதியிருப்பேன்.

நூல் வெளியீட்டு விழாக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் முகத்தோடு முகம் பார்த்துத்தான் அமர்ந்திருக்கிறோம். நூலைப் படிக்காமலே திறனாய்வு செய்வோர் அங்கு இல்லையா? முதற்படி வாங்குவோரின் பெயர்ப் பட்டியலுக்கு ஆகும் நேரத்தில் கால்பங்கும் நூலைப் பற்றிய பேச்சுக்கு ஆவதில்லை. பொன்னாடையும் ஒரு விருப்பக் குறிதான்; விலைதான் சற்று அதிகம். எனவே, நேரில் நிகழ்வதெல்லாம் மெய், திரையில் நிகழ்வதெல்லாம் பொய் என்று கோடு கிழிப்பது நேர்மையன்று.

திரை நமக்குத் தந்திருப்பவற்றை நன்றியோடு சொல்ல வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி உலகுக்கு இலவசமாக வைத்தனர். எங்கள் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரி மட்டுமே உண்டு. அதில் பாதி பயிற்சி நூல்கள். ஆயினும் பத்துப்பாட்டில் ஓரிடம் பார்க்க வேண்டுமானால் எனக்கு இரண்டு மணித்துளி போதும். பழைய தமிழ் முரசு இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையப் பக்கத்தில் புரட்டலாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினமும் இல்லையேல் நம் பிள்ளைகள் கைப்பேசியில் உரோம எழுத்தில்தான் தமிழை எழுதிக்கொண்டிருப்பார்கள். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனபோது, தோட்டத்தோடு தோட்டமாகச் சிதறிக் கிடந்த பழைய வாசகர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டதும் அதே முகநூலில்தான். ஒருவர் தம் தாயின் பெரட்டுச் சீட்டைப் படமெடுத்துப் போட்டால், மறுமொழியாக ஒரு தோட்டத்தின் வரலாறே திரள்வதைக் கண்டிருக்கிறேன். அங்கு ஒருவர் சொன்ன ஆண்டை மற்றொருவர் திருத்துகிறார். கிராணியின் பெயரை மூன்றாமவர் நினைவூட்டுகிறார். அது நல்ல அவை. ஏன் நல்ல அவை ஆயிற்று? அங்குக் கூடியோர் தாம் கண்டதைப் பேசுகின்றனர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டுக்கு ஒரு கைப்பேசி. அதுவும் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்னரே பிள்ளை கையில் வரும். அந்நாள்களில் ஒரு மாணவன் எங்களுக்குப் பாடம் புகட்டினான். மூன்றாண்டுகளாக வகுப்பில் வாய் திறவாதவன், சற்றே திக்குவாய். புலனத்தில் குரல் பதிவாகச் செய்யுள் ஒப்புவிக்கச் சொன்னோம். அவன் தெளிவாக ஒப்புவித்து அனுப்பினான். எத்தனை முறை அழித்து அழித்துப் பதிந்திருப்பானோ, அறியேன். அவையஞ்சும் பிள்ளைக்கு முகம் காணா அவை ஒரு படிக்கட்டாக உதவியது. பள்ளி மீண்டும் திறந்ததும் அவனை மேடை ஏற்ற நாங்கள் ஓராண்டு பாடுபட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிக்கட்டில் ஏறியவன் தானே வீட்டுக்குள் வந்துவிடவில்லை.

மற்றொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். காலைச் சபைக் கூடலில் பாரதியார் பாட்டு என்று எட்டு வரிகளைப் படித்தேன். ஆசிரியர் குழுவில் வந்தது. பாரதியார் படமும் போட்டிருந்தது. நெஞ்சை அள்ளும் கருத்து. அக்காட்சியைக் குழுவில் கண்ட, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அது எந்தத் தலைப்பில் வருகிறது?” என்று மட்டும் கேட்டார்.

தொகுப்பை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை தேடினேன், இல்லை. சீனி. விசுவநாதன் போன்றோர் பாரதியின் ஒவ்வோர் எழுத்தையும் எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்று தேடிக் கால வரிசைப்படுத்தித் தர வாழ்நாளைச் செலவிட்டனர். 1921இல் மறைந்த கவிஞருக்கு நாம் ஒரு பிற்பகலில் புதுப்பாட்டு எழுதிவிடுகிறோம். பலமுறை கைமாறி வந்த செய்திக்குப் புலனம் இரட்டை அம்புக்குறி இடுகிறது; 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றும் வைத்தது. நான் படித்த பாட்டின் தலையிலும் அந்த இரட்டை அம்பு இருந்தது. பாடபேதம் பார்க்கக் கற்ற கண்ணுக்கு அது தெரியாமல் போயிற்று. மறுவாரம் அதே சபைக் கூடலில், ‘சென்ற வாரம் படித்தது பாரதியார் பாட்டன்று, நான் தவறினேன்’ என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. தலைமையாசிரியர் தவறியதைச் சில பெற்றோர் அன்றே புலனத்தில் பரப்பிவிட்டனர் என்பது தனிக்கதை.

ஆத்திரேலியாவில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கைத் தடுக்கும் சட்டம் 2024இல் நிறைவேறி, 2025 டிசம்பர் 10ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நம் அரசும் அத்தகைய தடையைக் கொணரப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. ஆசிரியர் கூட்டங்களில் இதுவே பேச்சு. தடை வேண்டுமா, செல்லுமா என்று வாதிடுவோர் வாதிடட்டும். பதினாறு வயது நிறைந்த மறுநாள் அப்பிள்ளை அவ்வவையில் நுழையத்தான் போகிறது. அதற்குள் எது நல்ல வரி, எது தேய்ந்த வரி என்று அதன் காதைப் பழக்கினோமா என்பது சட்டம் கேட்காத கேள்வி. பயிற்சிக் கல்லூரியில் கற்றுச் சம்பளம் வாங்கும் நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி. என் விரிவுரையாளர் ஒருவர் கட்டுரையில் பிழை கண்டால் திருத்த மாட்டார். பக்கவோரத்தில் சிவப்பு மையால் சிறு கோடு மட்டும் இழுப்பார். ஏன் இழுத்தார் என்று நாமே கண்டுபிடித்துப் போய்ச் சொல்ல வேண்டும். அச்சிறு கோட்டை வாங்க அவர் அறை வாயிலில் நின்ற நேரங்களில்தான் நான் எழுதக் கற்றேன். இன்று அக்கோட்டை இழுப்பதற்கே நாம் அஞ்சுகிறோம். ‘பிள்ளையின் ஊக்கம் கெட்டுவிடும்’ என்கிறோம். முகநூலில் ‘அருமை’ என்று எழுதிப் பழகிய கை, மாணவர் ஏட்டிலும் ‘அருமை’ என்றே எழுதிவிட்டு நகர்கிறது.

அம்மாணவியின் கதைக்குத் திரும்புகிறேன். முகநூலிலிருந்து அக்கவிதையை எடுத்துவிட்டேன். அவளிடம், ‘பாட்டியிடம் கேட்டு எழுதிக் கொண்டு வா’ என்றேன். நான்கு நாள் அவள் வரவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேர் பாராட்டியதை இவர் ஏன் மாற்றச் சொல்கிறார் என்று வீட்டில் அழுததாகப் பின்னர் அறிந்தேன். பாராட்டைக் கொடுத்தவன் நான், பறித்தவனும் நான். ஐந்தாம் நாள் வந்தாள். புதிய கவிதையில் வெயில் இல்லை, இருட்டு இருந்தது. பாட்டியின் நெற்றியில் ஒரு சிறிய நிலா ஒட்டியிருக்கிறது. அது போகும் இடமெல்லாம் ஒரு மரம் மட்டும் தெரிகிறது. இடுப்பில் கொசுவத்தி புகைகிறது. அடுத்த நிரையில் இன்னொரு நிலா இருமுகிறது. கண்ணீர் என்னும் சொல்லே அதில் இல்லை. இருமும் நிலாவை எந்தத் திரையிலிருந்தும் அவள் எடுத்திருக்க முடியாது. அது பாட்டி சொன்ன தோழியின் இருமல்.

இம்முறை அவளுடைய பெற்றோரைக் கேட்டு, பெயரின்றி அதே முகநூலில் ஏற்றினேன். முப்பத்தேழு குறிகள் விழுந்தன, மறுமொழிகள் ஆறு. அவள் கேட்டாள்:

“ஐயா, அப்போ முதல் கவிதைதானே நல்ல கவிதை?”

ஆறு மறுமொழிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஐந்து ‘அருமை’. ஆறாவது, பெயர் மட்டும் அறிந்த, முகம் அறியா ஒருவர் எழுதியது. ‘என் அம்மா இருமிக்கொண்டே வெட்டுவார். நாற்பதாண்டுகளுக்குப் பிறகு இன்று அந்த இருமலைக் கேட்டேன்’ என்று இரண்டே வரி. அவள் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எது நல்ல கவிதை என்று நான் விடை சொல்லவில்லை. இவ்வளவு எழுதிய பிறகும், அந்த இரண்டு வரியைக் கொணர்ந்து தந்ததும் அதே திரைதான் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

கவிதையைத் தாளில் எழுதிச் சுவரொட்டிப் பலகையில் மாட்டினோம். மாலையில் பாட்டி வந்தார். பேத்தி பலகை முன் நின்று படித்துக் காட்டினாள். இம்முறை சிரிக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டார். பிறகு ஒரு விரலால் தாளைத் தொட்டு,

“எல்லாம் சரிதான். ஒட்டுப்பால உரிக்காமலேயா உளிய வைப்பாங்க?” என்றார்.

பேத்தி என்னிடம் வந்து பென்சில் கேட்டாள்.